உஷார்! எஞ்சின் கழுவும் ஏர் கன் உயிரைக் குடிக்கும்

ஏர் கன்னில் பெட்ரோலை ஊற்றி எஞ்சின் கழுவும் பழக்கம் உங்கள் கடையில் இருக்கிறதா? இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். இப்போதே நிறுத்துங்கள். அப்படிக் கழுவுகிற கடையில்தான் உங்கள் வண்டியை விடுகிறீர்களா? அடுத்த முறை சாவியைக் கொடுக்கும்போதே 'பெட்ரோல் அடிக்க வேண்டாம்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை அந்தக் கடையில் வேலை கற்றுக்கொள்கிறானா? இன்று ராத்திரி அவன் சாப்பிட உட்காரும்போது இதைப் பற்றிப் பேசுங்கள்.

கையடக்கமான கருவி. சில நூறு ரூபாய்க்குக் கடையிலும் கிடைக்கிறது, செல்போனில் ஆர்டர் போட்டாலும் வீடு தேடி வருகிறது. பிரஷ் நுழையாத சந்து, துணி எட்டாத இடுக்கு, எஞ்சின் தகடுகளுக்கு நடுவே இறுகிப்போன கிரீஸ் பிசுக்கு என்று எதையும் நிமிஷத்தில் அடித்துத் தள்ளிவிடுகிறது. அதனால்தான் டூவீலர் மெக்கானிக் முதல் லாரிப் பட்டறை வரை எல்லோரும் அதை எடுக்கிறார்கள். இப்போது சின்னக் கம்ப்ரசர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டு வாசலிலேயே கார் கழுவுகிறவர்களும் எடுக்கிறார்கள். அந்தக் கருவி எரிபொருளைக் காற்றில் கலக்கிறது, தூசியை நுரையீரலுக்கு அனுப்புகிறது, மனிதக் குடலைக் கிழிக்கும் அழுத்தத்தை விரல் நுனியில் கொண்டுவந்து வைக்கிறது. இதை அவர்களில் பலருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

எப்படி வேலை செய்கிறது?

கம்ப்ரசரிலிருந்து வரும் ரப்பர் குழாயைக் கன்னின் பின்பக்கம் மாட்டுகிறோம். விசையை அழுத்தினால் நீண்ட மூக்கு வழியாகக் காற்று சீறுகிறது. வெறும் காற்றை மட்டும் அடிப்பது ஒரு வகை. இன்னொரு வகையில் அடியில் ஒரு டப்பாவோ, திரவத்தை உறிஞ்சும் டியூபோ இருக்கும். காற்று வேகமாகக் கடக்கும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு டியூப் வழியாகத் திரவத்தை மேலே இழுக்கிறது. இழுபட்ட திரவத்தை அதே காற்று நொறுக்கி, பொடிப்பொடித் துளிகளாக முன்னால் வீசுகிறது.

கார்புரேட்டர் பெட்ரோலைக் காற்றோடு கலப்பதும் இதே தத்துவத்தில்தான். ஒவ்வொரு மெக்கானிக்கும் இந்த ஒற்றுமையை நினைத்துப் பார்க்க வேண்டும். கார்புரேட்டர் தயாரிக்கும் கலவை எரிவதற்கென்றே உண்டானது. அது எரிவதைத் தாங்க இரும்பாலான சிலிண்டர் இருக்கிறது. கன்னில் பெட்ரோலை ஊற்றி விசையை அழுத்தும்போது ஏறக்குறைய அதே கலவையை நாம் கடைக்குள், நம் முகத்துக்கு எதிரே தயாரிக்கிறோம். அதைத் தாங்க நம் தோலைத் தவிர வேறொன்றும் இல்லை.

அடுத்தது அழுத்தம். கார் டயருக்குச் சாதாரணமாக அடிக்கும் காற்று 30 முதல் 35 பி.எஸ்.ஐ. பட்டறைக் கம்ப்ரசரில் 100 முதல் 150 பி.எஸ்.ஐ. வரை இருக்கும். சுத்தம் செய்யும் வேலைக்குக் காற்றின் அழுத்தத்தை 30 பி.எஸ்.ஐ.க்குக் கீழே குறைக்க வேண்டும், தெறிக்கும் துகளைத் தடுக்க மறைப்பு வேண்டும், கண்ணுக்குக் கவசம் வேண்டும் என்பது அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு விதி. நம் சின்னக் கடைகளில் கம்ப்ரசருக்கும் கன்னுக்கும் நடுவே ரெகுலேட்டரைப் பார்ப்பதே அபூர்வம். டேங்கில் இருக்கும் அழுத்தம் அப்படியே கைக்கு வருகிறது.

உஷார் 1: பெட்ரோல் அடித்தால் தீ

ஒரு காலத்தில் இந்த வேலைக்கு மண்ணெண்ணெய்தான். ரேஷன் மண்ணெண்ணெய் சுருங்கிப்போன பிறகு, கைக்கு எட்டுகிற பெட்ரோலையும் டீசலையும் எடுக்கிறார்கள். வண்டியின் டேங்கிலிருந்தே அரை பாட்டில் பிடித்துக்கொள்வதும் நடக்கிறது. இந்த மாற்றத்தில்தான் பேராபத்து.

பெட்ரோல் பற்றிக்கொள்ள வெயில் வேண்டியதில்லை. பூஜ்ஜியத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரிக் குளிரிலேயே தீப்பற்றும் அளவுக்கு அது ஆவியை விடும். காற்றில் அந்த ஆவி நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சேர்ந்தாலே போதும், ஒரு பொறி பட்டால் எரியும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாது. தரையோடு தவழ்ந்து, வண்டிக்கு அடியில் இறங்கி வேலை செய்யும் குழியில் போய்த் தேங்கும். கன்னைப் பிடித்திருப்பவருக்கு வாசனை குறைந்துவிட்டதுபோல் தோன்றும்போது, குழிக்குள் நிற்பவரின் இடுப்பளவுக்கு ஆவி நிறைந்திருக்கலாம்.

'நம்ம கடையில யாரும் பீடி பிடிக்கறதில்லையே' என்று நிம்மதி அடையாதீர்கள். பொறி வர வழி பல உண்டு. கம்ப்ரசரில் காற்று இறங்கியதும் மோட்டார் தானாகவே ஓடத் தொடங்குகிறதே, அந்த நொடியில் அதன் சுவிட்சுக்குள் ஒரு பொறி பறக்கும். விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் காற்று இறங்கும். ஆக, நீங்கள் அடிக்க அடிக்க அந்தப் பொறிக்கான நேரமும் நெருங்குகிறது. பேட்டரி டெர்மினல் தளர்ந்திருந்தால் பொறி. பக்கத்துக் கடையில் கிரைண்டர் ஓடினால் பொறி. கையில் பிடித்திருக்கும் விளக்கு தவறி விழுந்து உடைந்தால் பொறி. மூக்கு வழியாகத் திரவம் வேகமாகப் பாய்வதாலேயே நிலைமின்சாரம் சேர்ந்து, உலோகத்தின் அருகே போகும்போது பொறி. பாலியஸ்டர் சட்டை போட்டிருந்தால் அந்தச் சட்டையிலும் மின்சாரம் சேரும். தீப்பிடித்தால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆயுத பூஜை வாரத்தில் இந்த ஆபத்து பல மடங்காகிறது. எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் கழுவ வருகிறது. ராத்திரி வரை கன் ஓய்வதில்லை. கடையும் கழுவி விடப்படுகிறது. பிறகு அதே இடத்தில் கற்பூரம், சாம்பிராணி, விளக்கு. பெட்ரோலோ மண்ணெண்ணெயோ அடித்த இடத்தில் தரையைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஷட்டரை முழுக்கத் திறந்து, நன்றாகக் காற்றோட விடாமல் தீக்குச்சியைக் கிழிக்கவே கூடாது. முதல் நாள் மாலையோடு எண்ணெய் வேலைகளை முடித்துவிடுவது இன்னும் நல்லது.

மண்ணெண்ணெயும் டீசலும் சாதுவா?

'பெட்ரோல்தான் ஆபத்து, நாங்க மண்ணெண்ணெய்தான் அடிக்கிறோம்' என்பவர்களும் கவனியுங்கள். டப்பாவில் கிடக்கும் மண்ணெண்ணெயில் தீக்குச்சியைப் போட்டால் அணைந்துபோவதைப் பார்த்துப் பழகிய தைரியம் இது. நம் ஊர் மண்ணெண்ணெய் 35 டிகிரிக்குமேல் போனாலே பற்றும் ஆவியை விடத் தொடங்கலாம். வேலூரிலும் கரூரிலும் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தகரக் கூரைக்குக் கீழே இன்னும் சூடு. அந்த வெயிலில் நிற்கும் மண்ணெண்ணெய் டப்பா, மார்கழி மாத டப்பாவைப்போல் நடந்துகொள்ளாது.

அதைவிட முக்கியமான விஷயம், பொடித் துளியாக்கி வீசினால் இந்தக் கணக்கே செல்லாது. நுண்துளிகளாகக் காற்றில் மிதக்கும் மண்ணெண்ணெயும் டீசலும், தேங்கிக் கிடக்கும்போது பற்றாத குளிரிலும் பற்றும். ஸ்டவ் பர்னரில் மண்ணெண்ணெய் நீலமாக எரிவதற்கு அது ஆவியாக வருவதே காரணம் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்ததுதான்.

இதில் சூடான எஞ்சினும் சேர்ந்தால் பொறிகூட வேண்டாம். மண்ணெண்ணெயும் டீசலும் 210, 220 டிகிரி அளவில் தாமாகவே தீப்பிடிக்கும் தன்மை உடையவை. ஓடி வந்து நிற்கும் வண்டியின் எக்ஸாஸ்ட் பகுதி 300 டிகிரியைத் தாண்டியிருக்கும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அதைவிடவும் சூடு. 'எஞ்சின் சூடா இருந்தா பிசுக்கு சீக்கிரம் விடும்' என்று வந்த வண்டியை வந்த வேகத்திலேயே அடிக்கிறார்களே, அது தெரிந்தே தீக்குள் எண்ணெயை வீசுகிற காரியம்.

உஷார் 2: காற்றை மனிதர்மேல் அடிக்காதீர்கள்

இதை எழுதும்போதே மனம் பதறுகிறது. வேலை முடிந்ததும் சட்டையில் படிந்த தூசியை ஏர் கன்னால் அடித்துக்கொள்வது, வியர்வைக்குக் காற்று வாங்குவது, குனிந்து வேலை செய்கிறவன் பின்னால் போய் விளையாட்டாக ஒரு அடி அடிப்பது எல்லாம் கடைகளில் தினசரி நடக்கிறது. இந்த விளையாட்டில் உயிர்கள் போயிருக்கின்றன.

2015 ஆகஸ்டில் வங்காளதேசத்தின் குல்னா நகரில், மோட்டார் சைக்கிள் கடையில் வேலை செய்த ஒரு சிறுவனை, வேறு கடைக்குப் போய்விட்டான் என்ற கோபத்தில் பிடித்துவந்து, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் குழாயால் உடலுக்குள் காற்றைச் செலுத்திக் கொன்றார்கள். அந்த நாடே கொதித்து எழுந்தது. வழக்கில் குற்றவாளிகளுக்குத் தண்டனையும் கிடைத்தது. அது கொடூரம். ஆனால் கொடூரமே இல்லாமல், சிரித்துக்கொண்டே செய்ததிலும் சாவு வந்திருக்கிறது. 2024 மார்ச்சில் பெங்களூருவில் ஒரு வாகன சர்வீஸ் கடையில், நண்பர்களுக்குள் நடந்த விளையாட்டில் காற்றுக் குழாயைப் பின்புறத்தில் வைத்து அடித்ததில் 24 வயது இளைஞர் இறந்துபோனார்.

ஏன் இப்படி ஆகிறது? மனிதனின் பெருங்குடல் கிழிய சுமார் 4 பி.எஸ்.ஐ. அழுத்தமே போதும் என்பது மருத்துவ நூல்களில் பதிவான கணக்கு. கன்னில் வருவது 100-க்கு மேல். கிழிவதற்கு ஒரு நொடி, இரண்டு நொடி போதும். மூக்கை உள்ளே நுழைக்க வேண்டும் என்பதும் இல்லை. சற்றுத் தள்ளி வைத்து அடித்தாலும் காற்றின் கம்பம் துணியைத் தாண்டிப் போகும். பேண்ட் போட்டிருக்கிறான், ஒன்றும் ஆகாது என்பது பொய்.

வெளிக்காயம் வழியாகவும் காற்று நுழையும். 2011-ல் நியூசிலாந்தில் ஒரு லாரி டிரைவர் தவறி விழுந்தபோது, காற்றுக் குழாயின் பித்தளை முனை அவருடைய பின்பக்கத்தில் குத்தி, 100 பி.எஸ்.ஐ. காற்று உடம்புக்குள் ஏறியது. கழுத்து, முகம் வரை உடம்பு முழுக்க வீங்கிப்போனது. கூட இருந்தவர்கள் சட்டென்று வால்வை மூடியதால் அவர் பிழைத்தார். கையில் ஒரு சின்ன வெட்டு இருக்கும்போது அதன்மேல் காற்றை அடித்தால் தோலுக்கடியில் காற்று புகுந்து வீங்கும். ரத்தக் குழாய்க்குள் காற்றுக் குமிழி போனால் இதயமும் மூளையும் பாதிக்கப்படும். கண்ணில் தெறிக்கும் ஒரு இரும்புத் துகள் ஆயுளுக்கும் பார்வையைக் கெடுக்கும்.

சட்டைத் தூசியைக் கையால் தட்டுங்கள். வியர்த்தால் மின்விசிறிக்கு முன்னால் நில்லுங்கள். கன்னை யார்மேலும், எதற்காகவும், ஒரு நொடிகூடத் திருப்பாதீர்கள். அப்படித் திருப்புகிறவன் எவ்வளவு கெட்டிக்கார வேலைக்காரனாக இருந்தாலும் அன்றே கடையை விட்டு அனுப்புங்கள்.

உஷார் 3: மூச்சில் போகும் விஷம்

தீயும் வெடிப்பும் உடனே தெரியும். மூச்சில் போவது பத்து வருஷம், முப்பது வருஷம் கழித்துத்தான் தெரியும். தெரியும்போது செய்வதற்கு அதிகம் இருக்காது.

இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம் வரை இருக்க விதி அனுமதிக்கிறது. பென்சீன் ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமானது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச அமைப்பு அதை முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. பெட்ரோலைத் துணியில் தொட்டுத் துடைப்பவரைவிட, கன்னில் ஊற்றி முகத்துக்கு நேரே பனியாக்கி அடிப்பவர் எவ்வளவு கூடுதலாக மூச்சில் இழுப்பார் என்று நினைத்துப் பாருங்கள். பெட்ரோல் நனைந்த கை, பெட்ரோல் நனைந்த சட்டை வழியாகத் தோலிலும் அது இறங்கும்.

'பெட்ரோல் இல்லை, டப்பாவில் வரும் கிளீனர்தான் அடிக்கிறோம்' என்றால் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ஒன்றும் எழுதாமல் விற்றால் வாங்காதீர்கள். கலிஃபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ பகுதியின் கார் மெக்கானிக்குகள் சிலருக்குக் கைகால் மரத்துப்போய், பிடிமானம் குறைந்து, நடை தளர்ந்ததை அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2001-ல் அறிக்கையாக வெளியிட்டது. அவர்கள் நாள்தோறும் அடித்த பிரேக் கிளீனரில் இருந்த ஹெக்சேன் என்ற ரசாயனம் நரம்புகளைத் தின்றிருந்தது. நம் மெக்கானிக்குகள் பலர் இதே அறிகுறியைச் 'சுகர் இருக்கும்', 'வேலை அசதி' என்று சொல்லித் தள்ளிவிடுகிறார்கள். கைகால் மரத்துப்போனால் மருத்துவரிடம் என்ன தொழில், என்ன திரவம் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொரு பழக்கம் இதைவிடப் பரவலானது. பிரேக் டிரம்மைக் கழற்றியதும் முதல் வேலையாக உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியைக் காற்றால் ஊதித் தள்ளுவது. அந்தத் தூசியில் கல்நார் இருக்கலாம். நம் நாட்டில் கல்நார் இறக்குமதிக்கும் பயன்பாட்டுக்கும் முழுத் தடை இல்லை. விலை குறைந்த, பெயர் தெரியாத லைனிங்கில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஊதினால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் கடை முழுக்கப் பரவி மணிக்கணக்கில் மிதக்கும். மூச்சில் போன இழைகளில் பல நுரையீரலை விட்டு வெளியே வராது. மீசோதீலியோமா என்ற புற்றுநோய் இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்து வரலாம். அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போனால், அதைத் துவைக்கிற மனைவிக்கும் அம்மாவுக்கும் அந்தத் தூசி போகும். பிரேக் தூசியைக் காற்றால் ஊதவே கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை மூடிய பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும்.

உஷார் 4: ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரித் தொழில் நடக்கும் ஊர்களில் டீசல் வேலை செய்கிறவர்களுக்கு இது மிக முக்கியம். இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு, நாசில் சரியாகப் பீய்ச்சுகிறதா என்று பார்க்கும்போது விரலையோ உள்ளங்கையையோ குறுக்கே நீட்டாதீர்கள். பழைய இன்ஜெக்டரே 200 பார் அளவில் பீய்ச்சும். இன்றைய காமன் ரெயில் எஞ்சினில் 1,600 பார், 2,000 பார் என்று போகிறது. தோலைத் துளைக்க 7 பார் போதும்.

துளைக்கும்போது பெரிதாக வலிக்காது. ஒரு சின்னப் புள்ளி, துளி ரத்தம், அவ்வளவுதான். துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். உள்ளே போன டீசல் தசையையும் நரம்பையும் அரித்துக்கொண்டே இருக்கும். சாயங்காலம் விரல் வீங்கி நீலம் பாரிக்கும். மறுநாள் விரலை எடுக்க வேண்டிவரும். முதல் 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால் விரலைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். எண்ணெய் எதுவாக இருந்தாலும், அழுத்தத்தோடு தோலுக்குள் போனது என்று சந்தேகம் வந்தால் காத்திருக்காதீர்கள்.

உஷார் 5: வண்டியும் கெடும்

வண்டிக்காரர்கள் 'பளபளன்னு இருக்கணும்' என்று கேட்பதால்தான் கடைக்காரர் கன்னை எடுக்கிறார். அந்தப் பளபளப்பு வண்டிக்கு நல்லதா? மண்ணெண்ணெயும் பெட்ரோலும் பட்டால் ரப்பர் ஹோஸ், பெல்ட், புஷ் முதலியவை ஊதி உப்பும், நாளடைவில் வெடிக்கும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் அதிகக் காற்றில் மடங்கிக்கொள்ளும், பிறகு எஞ்சின் சூடாகும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் சென்சாரும் வயர் கனெக்டரும் நிறைய. அவற்றுக்குள் எண்ணெயும் ஈரமும் போனால் எச்சரிக்கை விளக்கு எரிவதிலிருந்து வண்டி நடுவழியில் நிற்பது வரை எல்லாம் நடக்கும். ஏர் ஃபில்டரின் காகிதத்தை முழு அழுத்தத்தில் ஊதினால் கண்ணுக்குத் தெரியாமல் கிழியும். கிழிந்த ஃபில்டர் வழியாக மண் எஞ்சினுக்குள் போகும். கழுவிய பேரிங்கைக் காற்றடித்து 'விர்ர்' என்று சுற்ற விடுவது சில பையன்களுக்கு விளையாட்டு. எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் பேரிங் பாழாகும். உடைந்தால் அதன் குண்டுகள் தோட்டாவாகப் பறக்கும்.

பின் எப்படிக் கழுவுவது?

வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. உயிரோடு செய்யச் சொல்கிறேன்.

முதலில் எஞ்சின் ஆற வேண்டும். பானட்டைத் திறந்து வைத்து, எக்ஸாஸ்ட் பக்கத்தைக் கை வைத்துத் தாங்க முடிகிற அளவுக்கு வந்த பிறகே தொடங்குங்கள். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, காற்று உள்ளே போகும் வழி, தெரியும் கனெக்டர்கள் எல்லாவற்றையும் பாலிதீன் உறையால் மூடிக் கட்டுங்கள்.

பிசுக்கை ஊற வைத்தால் பாதி வேலை முடிந்தது. தண்ணீரில் கலக்கும் டீகிரீசரை அடித்து, பத்து நிமிஷம் விட்டு, நீண்ட காம்பு உள்ள நைலான் பிரஷ், பழைய பல் துலக்கும் பிரஷ், பெயின்ட் பிரஷ் இவற்றால் தேய்த்து, குறைந்த அழுத்தத் தண்ணீரில் அலசினால் பெரும்பாலான வண்டிகளுக்கு அதுவே போதும். கழற்றிய பாகங்களுக்கு மண்ணெண்ணெய்தான் வேண்டும் என்றால், திறந்தவெளியில், தட்டில் கொஞ்சமாக ஊற்றி, பிரஷால் கழுவுங்கள். பனியாக்கி அடிக்காதீர்கள்.

காற்றுதான் தேவை என்னும் இடத்தில் மட்டும் காற்று. அதற்கும் நிபந்தனைகள் உண்டு:

• ரெகுலேட்டர் போட்டு 30 பி.எஸ்.ஐ.க்குக் கீழே வையுங்கள்.
• முனை அடைபட்டால் காற்று பக்கவாட்டில் வெளியேறும்படி துளை உள்ள பாதுகாப்பு நாசில் வாங்குங்கள்.
• இருபுறமும் மூடிய கண்ணாடி போடாமல் விசையைத் தொடாதீர்கள்.
• காதுக்கும் கவசம் வேண்டும். அந்தச் சீறல் நாள்பட்டால் காதை மந்தமாக்கும்.
• பருத்திச் சட்டை போடுங்கள். ரசாயனம் தொட்டால் நைட்ரைல் கையுறை.
• அடிக்கும் இடத்துக்கும் கம்ப்ரசருக்கும் நடுவே நல்ல இடைவெளி, முடிந்தால் ஒரு சுவர் இருக்கட்டும்.
• கம்ப்ரசர் டேங்கில் தேங்கும் தண்ணீரைத் தினமும் வடித்துவிடுங்கள். துரு அரித்த டேங்க் வெடிக்கும்.
• எரிபொருளைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் எடுத்துக் குடித்த குழந்தைகள் ஏராளம்.
• உலர் பொடித் தீயணைப்பானும் ஒரு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

விபத்து நடந்துவிட்டால்

தீப்பிடித்தால் பெட்ரோல்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், தீ மிதந்து பரவும். பொடித் தீயணைப்பான், மணல். ஆள்மேல் பற்றினால் ஓட விடாதீர்கள். கீழே படுக்கவைத்து, கனமான பருத்தித் துணியால் மூடி உருட்டுங்கள். தீக்காயத்தின்மேல் ஓடும் குழாய்த் தண்ணீரை 20 நிமிஷம் விடுங்கள். பற்பசை, இங்க், மாவு எதையும் தடவாதீர்கள். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108.

கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து 15 நிமிஷம் சுத்தமான தண்ணீரால் கழுவி, கண் மருத்துவரிடம் போங்கள்.

பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு கொஞ்சம் நுரையீரலுக்குள் போனாலே கடுமையான பாதிப்பு. டியூபை வாயில் வைத்து உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கும் பழக்கத்திலும் இதே ஆபத்து இருக்கிறது. கைபம்ப் வாங்கிக்கொள்ளுங்கள்.

தோலுக்குள் எண்ணெய் போனால் அமுக்கிப் பிதுக்காதீர்கள். கையை உயர்த்திப் பிடித்தபடி, அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போய், எந்த எண்ணெய், எவ்வளவு அழுத்தம், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள்.

பின்புறத்தில் காற்று அடித்து வயிறு உப்பினால், தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள். வெட்கத்தில் 'கேஸ் டிரபிள்' என்று மறைப்பதிலும், சோடா குடித்துப் பார்ப்பதிலும், மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் நண்பர்கள் பேசாமல் இருப்பதிலும்தான் நேரம் போகிறது. கிழிந்த குடலிலிருந்து கசியும் கழிவு வயிற்றுக்குள் பரவும் ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்கு ஆபத்தைக் கூட்டும். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காமல் நேராகப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நடந்ததை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

யார் என்ன செய்ய வேண்டும்?

வண்டிக்காரர்களே, இந்த மாற்றம் உங்களிடமிருந்து சீக்கிரம் வரும். பெட்ரோல் வாடை அடிக்கும் கழுவலைக் கேட்டு வாங்காதீர்கள். 'அரை மணி நேரம் கூட ஆகட்டும், ஐம்பது ரூபாய் கூட வாங்கிக்கோங்க, பிரஷ் போட்டுக் கழுவுங்க' என்று சொல்லுங்கள். காத்திருக்க மனமில்லாத வாடிக்கையாளரின் அவசரமும் சேர்ந்துதான் கன்னை அந்தப் பையன் கையில் கொடுக்கிறது.

பெற்றோர்களே, 14 வயதுக்குக் கீழே எந்தப் பிள்ளையையும் வேலைக்கு வைக்கக் கூடாது, 18 வயதுக்குள் அபாயகரமான வேலைக்கு வைக்கக் கூடாது என்பது சட்டம். லீவு நாளில் தொழில் கற்கட்டும் என்று அனுப்பினாலும், கடைகளில் முதலில் கொடுக்கப்படுவது கழுவும் வேலைதான். சின்னப் பிள்ளைகள் கையில் கன்னைப் பார்த்தால் 1098-க்குத் தகவல் சொல்லுங்கள்.

மெக்கானிக் அண்ணன்மார்களே, உங்கள் கையால் ஓடும் வண்டிகளில்தான் இந்த ஊர் நடமாடுகிறது. உங்கள் நுரையீரலும் விரலும் உங்களை நம்பி வந்த பையனின் உயிரும் எந்த வண்டியின் பளபளப்பையும்விடப் பெரியவை. நாளைக் காலை ஷட்டரைத் தூக்கியதும் மூன்று வேலை செய்யுங்கள். கன்னின் டப்பாவில் மிச்சமிருக்கும் பெட்ரோலைக் காலி செய்யுங்கள். கம்ப்ரசருக்கு ஒரு ரெகுலேட்டர் வாங்கி மாட்டுங்கள். கடையில் இருக்கும் அத்தனை பேரையும் கூப்பிட்டு நிறுத்தி, 'இந்தக் காத்தை ஆள் மேல அடிச்சா ஆள் செத்துடுவான்' என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். அதற்குப் பிறகு முதல் வண்டியைத் தொடுங்கள்.